பெயர் எழுதுவதும் சாட்சியமே

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாக வாழும் நம் முஸ்லிம் குடும்பங்கள் பலவும் பிழைப்பைத் தேடி வந்து தங்கியவை. 1856-ல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1870-களில் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. பின்னாளில் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. மூட்டை சுமக்கவும், தோணி ஓட்டவும், கடை வைக்கவும், பட்டறையில் நிற்கவும் தெற்கத்திய ஊர்களிலிருந்து வந்தவர்கள் இங்கேயே மௌத்தாகி இங்கேயே அடக்கமானார்கள். சொந்த ஊரில் ஒருவரைப் பற்றிக் கேட்டால் நாலு தலைமுறையைச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். வந்த ஊரில் யார் இருப்பார்கள்? தலைமாட்டில் ஊன்றிய கல்லும், பக்கத்தில் நட்ட செடியும்தான் அடையாளம். சில ஆண்டுகளில் அவையும் இருப்பதில்லை. இடம் குறைந்துபோன நகரத்துக் கப்ருஸ்தான்களில், உக்கிப்போன பழைய கப்ரின் இடத்திலேயே புதிய மய்யித்தை அடக்க வேண்டிய நிலையும் உண்டு. நம்மவர் பலருக்கு உறவுகள் வாழும் சிங்கப்பூரில், 1998 முதல் புதைகுழிக்குப் பதினைந்து ஆண்டுக் காலவரம்பே வைத்துவிட்டார்கள்.

மண் மறந்துவிடுவதை ஏட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனிதன் எண்ணுவது இயற்கை. அந்த ஏடு இன்று இணையத்துக்குப் போயிருக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபைண்ட் எ கிரேவ்’ போன்ற பதிவேடுகளில் யார் வேண்டுமானாலும் ஒரு கப்ரைப் படமெடுத்து, அதில் அடங்கியிருப்பவரின் பெயர், மௌத்தான நாள், பெற்றோர், மனைவி மக்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம். தவறு இருந்தால் திருத்தம் கேட்டு எழுதலாம். துபாயிலிருக்கும் பேரன் தன் பாட்டனாரின் கப்ரைக் கைபேசியில் கண்டு, இருந்த இடத்திலிருந்தே துஆச் செய்ய முடிகிறது. நல்லதுதான். ஆனால் அங்கே எழுதப்படும் முன்னோர் விவரம் தவறாக இருந்தால்? அதைத் திருத்துவது கடமையா, வீண் வேலையா? திருத்தினால் குடும்பத்தின் கௌரவத்துக்குக் குறைவு வரும் என்றால் அப்போது என்ன செய்வது?

இது நம் வீட்டுக்குள் வந்த கேள்வி. ஆதலால் நடந்ததையே சொல்லுகிறோம்.

நம் தாயாரின் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். 1961-ல் மௌத்தாகி, வடசென்னையில் ஒரு கப்ருஸ்தானில் அடக்கமானார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் மருமகன் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, பெரியவர்களைக் கேட்டு இடத்தை அறிந்து, படமெடுத்து, இணையப் பதிவேட்டில் ஏற்றினார். தந்தையின் பெயர் என்ற இடத்தில், பழைய இறப்புச் சான்றிதழில் கண்ட பெயரை எழுதினார். அதோடு நிற்கவில்லை. அந்தத் தந்தையின் ஊரையும் குடும்பத்தையும் தேடிப் பிடித்து, ஏழு தலைமுறைக்கு மேலே ஏறி, ஓர் இறைநேசரின் வழித்தோன்றல் என்று கொண்டுபோய் முடித்தார். குடும்பமே மகிழ்ந்தது. வீட்டில் ஒரு பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டாரும் அதைப் பார்த்து மனம் குளிர்ந்தார்கள்.

திருவொற்றியூரிலிருக்கும் நம் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு வயது. அவர்களிடம் படித்துக் காட்டியபோது வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “இவரு எங்க வாப்பாவை வளத்தவரு, பெத்தவரு இல்ல. காலரா வந்த வருசம் கரையில தனியா நின்ன புள்ளையத் தூக்கிட்டு வந்து வளத்தாரு. பெத்தவங்க யாருன்னு வாப்பாவுக்கே தெரியாது. உம்மா எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.”

ஏழு தலைமுறை ஏணி முதற்படியிலேயே கழன்று விழுந்தது.

வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. “அறுபது வருடத்துக்கு முன் போனவரைப் பற்றி இப்போது எதற்குக் கிளற வேண்டும்? மய்யித்தின் குறையை மறைப்பதுதானே மார்க்கம்?” என்றார்கள் ஒரு சாரார். “தெரிந்த பிறகு பொய்யை விட்டுவைக்கலாமா?” என்றார்கள் மறு சாரார். மருமகனோ, “மாமா, சர்க்கார் பதிவிலேயே அப்படித்தானே இருக்கிறது? நான் இட்டுக்கட்டி எழுதவில்லையே!” என்று கலங்கினார்.

வாசகர்களே! இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருமறையின் 33-வது அத்தியாயமான அல் அஹ்ஸாபின் 5-வது வசனமே இதைப் பற்றித்தான் பேசுகிறது. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயரைக் கொண்டே அழைக்க வேண்டும், அதுவே அல்லாஹ்விடம் நீதமானது என்று அந்த வசனம் கட்டளையிடுகிறது. அதோடு விட்டுவிடவில்லை. தந்தை யாரென்று தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லித் தருகிறது. அவர்கள் மார்க்கத்தில் உங்கள் சகோதரர்கள், உங்களைச் சார்ந்தவர்கள் என்கிறது. தவறிச் செய்துவிட்டதில் குற்றமில்லை, உள்ளம் அறிந்து செய்வதில்தான் குற்றம் என்றும் அதே வசனம் முடிவு கூறுகிறது. நம் வீட்டுக் கேள்விகள் மூன்றுக்கும் ஒரே வசனத்தில் மூன்று விடைகள்!

இந்த வசனம் இறங்கியபோது என்ன நடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் இல்லத்தில் வளர்ந்த ஜைது (ரலி) அவர்களை மக்கள் ‘ஜைது இப்னு முஹம்மத்’ என்றே அழைத்து வந்தார்கள். அகிலத்தில் அதைவிட உயர்ந்த ஒரு தந்தைப் பெயர் உண்டா? வசனம் இறங்கியதும் அந்தப் பெயர் நீங்கி, அவர்கள் ‘ஜைது இப்னு ஹாரிதா’ ஆனார்கள். பெயர் நீங்கியதால் அவர்களுக்கு என்ன குறைந்தது? ஸஹாபாக்களில் திருமறையில் பெயர் சொல்லப்பட்டவர் அவர்கள் ஒருவரே அன்றோ!

ஜைது (ரலி) அவர்களுக்காவது தந்தை பெயர் தெரிந்திருந்தது. ஸாலிம் (ரலி) அவர்களுக்கு அதுவும் இல்லை. அபூ ஹுதைஃபா (ரலி) அவர்கள் வளர்த்ததால் ‘ஸாலிம் இப்னு அபூ ஹுதைஃபா’ என்று அழைக்கப்பட்டு வந்தார்கள். வசனம் இறங்கியபின் பெற்ற தந்தையின் பெயர் தெரியாத நிலையில், ‘அபூ ஹுதைஃபாவின் மவ்லா ஸாலிம்’ என்றே அழைக்கப்பட்டார்கள். சரித்திர ஏடுகளில் இன்றளவும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஸாலிம்தான் குபாவில் முஹாஜிர்களுக்கு இமாமாக நின்று தொழவைத்தவர்கள். பின்னால் நின்றவர்களில் உமர் (ரலி) அவர்களும் ஒருவர். திருக்குர்ஆனை நால்வரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டிய நால்வரில் அவரும் ஒருவர். தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமை அவர்களை ஒரு சாண் கூடத் தாழ்த்தவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாதெனில், ஒருவருடைய தகப்பன் இன்னார் என்று எழுதுவது அலங்காரமன்று, அது சாட்சியம். நீதிமன்றக் கூண்டில் ஏறி நின்று சொல்வதற்கும், கப்ருப் பதிவில் எழுதுவதற்கும் அல்லாஹ்விடத்தில் வேற்றுமை இல்லை. அறிந்தே தன்னைப் பெறாதவரைத் தன் தந்தை எனக் கூறிக்கொள்பவருக்குச் சுவனம் ஹராம் என்ற கடுமையான எச்சரிக்கை ஸஹீஹான ஹதீஸ்களில் வந்திருக்கிறது. பெற்றோருக்கும் உறவினருக்கும், ஏன், நமக்கே பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் கட்டளையிடுகிறது. உனக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 36-வது வசனம் தடுக்கிறது. சாட்சி சொல்பவன் கண்டதைச் சொல்ல வேண்டும்; காணாததைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஆனால் மறைக்கச் சொல்பவர்களின் வாதத்தையும் நாம் தள்ளிவிட முடியாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பதும் நபிமொழிதான். மௌத்தானவர்களை ஏசாதீர்கள் என்பதும் நபிமொழிதான். மார்க்கத்தின் ஒரு கட்டளையைக் கொண்டு இன்னொரு கட்டளையை உடைக்கலாகாது. அப்படியானால் எதை மறைக்க வேண்டும் என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

மறைக்கச் சொன்னது பாவத்தை. மானத்தைப் பறிக்கும் செய்தியை. ஒரு பிள்ளை அனாதையானது யாருடைய பாவம்? காலராவில் பெற்றோரை இழந்த குழந்தை என்ன குற்றம் செய்தது? அந்தக் குழந்தையைத் தூக்கி வந்து ஊட்டி வளர்த்த மனிதர் செய்ததோ பெரும் புண்ணியம். அதை மறைத்தால், அனாதையை ஆதரித்தவரின் நற்செயலையும் சேர்த்தன்றோ மறைக்கிறோம்! அனாதையாக வளர்ந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்து, அனாதை என்ற சொல்லைக் கேட்டுக் கூசலாமா? நாம் மறைக்க விரும்பியது பாட்டனாரின் குறையை அன்று. நம் பெருமையில் விழுந்த ஓட்டையைத்தான்.

உண்மையிலேயே மானத்தைத் தொடும் இரகசியமும் சில குடும்பங்களில் இருக்கக்கூடும். ஒரு தாயின் கண்ணியம் அதில் சம்பந்தப்பட்டிருக்கக்கூடும். அப்போது என்ன செய்வது? அங்கும் பொய்ப் பெயரை எழுத அனுமதி இல்லை. உண்மையை ஊருக்குப் பறைசாற்றவும் அனுமதி இல்லை. தந்தையின் பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதே வழி. வெறுமையான இடம் பொய்யும் சொல்வதில்லை. யாரையும் காட்டிக் கொடுப்பதும் இல்லை. உண்மையைக் காப்பதும் மானத்தைக் காப்பதும் அந்த ஒரு வெற்றிடத்தில் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. மய்யித்துக்குத் தல்கீன் ஓதும் வழக்கமுள்ள ஊர்களில், தாயின் பெயரைக் கொண்டு அழைப்பார்கள். தாயின் பெயர் தெரியாவிட்டால் ஹவ்வா (அலை) அவர்களின் பிள்ளையே என்று அழைக்க உலமாக்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். தெரியாத இடத்தில் ஒரு பெயரை இட்டு நிரப்பச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, இத்தகைய பிழைகள் எப்படி நுழைகின்றன என்பதைப் பார்ப்போம். மோசடியால் நுழைபவை குறைவு. நம்முடைய பெயர் வழக்கங்களால் நுழைபவையே மிகுதி.

முதலாவது, இனிஷியல். ‘எம்’ என்று ஓர் எழுத்து இருந்தால் அது முஹம்மதாகவும் இருக்கலாம், மீரானாகவும் இருக்கலாம், மஸ்தானாகவும் இருக்கலாம். எழுதுகிறவர் தமக்குத் தெரிந்த ஒன்றை விரித்து எழுதிவிடுகிறார். எழுத்தை எழுத்தாகவே விட்டிருந்தால் அது உண்மை, விரித்ததால் பொய்யாகிவிட்டது.

இரண்டாவது, பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நல்ல வழக்கம். ஷாகுல் ஹமீதின் மகன் அப்துல் காதர். அவர் மகன் ஷாகுல் ஹமீது. அவர் மகன் மீண்டும் அப்துல் காதர். நாலு கப்ருகளுக்கு இரண்டே பெயர்கள். பாட்டனின் மௌத்து ஆண்டு பேரன் தலையில் ஏறுவதும், இருவர் ஒருவராகிவிடுவதும் இதனால்தான்.

மூன்றாவது, பெண்களின் பெயர். நிக்காஹ் ஆனதும் தகப்பனாரின் இனிஷியலை எடுத்துவிட்டுக் கணவரின் இனிஷியலைப் போடும் பழக்கம் நம்மிடையே புகுந்துவிட்டது. நூறாண்டுக்குப் பின் அதைப் படிப்பவர், கணவரைத் தந்தை என்றே எண்ணிக்கொள்வார். அகில உலகின் தலைவரை மணந்த பின்னரும் ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்ரின் மகளாகவே அறியப்பட்டார்கள். ஹஃப்ஸா (ரலி) அவர்கள் உமரின் மகளாகவே அறியப்பட்டார்கள். நம் வீட்டுப் பெண்களின் கப்ருப் பதிவிலோ சில நேரங்களில் அவர்களைப் பெற்றவரின் பெயரே இல்லை. திருத்தத்தைத் தொடங்க விரும்புபவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

நாலாவது, ஆண்டுக் கணக்கு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினோரு நாள் குறைவு. முப்பத்து மூன்று ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறக்குறைய முப்பத்திரண்டு ஆங்கில ஆண்டுகளுக்குச் சமம். இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் 1792-ல் பிறந்து 1838-ல் மறைந்தார்கள் என்று பரவலாகக் கூறப்படுகிறது. கழித்துப் பார்த்தால் நாற்பத்தாறு வருகிறது. ஆனால் மறைந்தபோது வயது நாற்பத்தேழு என்பார்கள். யாரோ தவறு செய்துவிட்டதாக எண்ணி ஒன்றைத் திருத்தப் போகிறவர் சற்று நிற்க வேண்டும். ஹிஜ்ரி 1207-ல் பிறந்து 1254-ல் மறைந்தார்கள் என்ற கணக்கில் நாற்பத்தேழு சரியாகவே வருகிறது. பிழை போலத் தோன்றியது பிழையே அன்று. அவசரத் திருத்தம் புதிய பிழை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அந்த மஸ்தான் சாகிபு அவர்களைப் பற்றியே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்களின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, இறுதியில் வடசென்னைக்கு வந்து தங்கினார்கள். தொண்டியிலிருந்து வந்ததால் மக்கள் அவர்களைத் ‘தொண்டியார்’ என்று அழைத்ததாகவும், அதனால்தான் அந்தப் பகுதி தொண்டியார்பேட்டையாகித் தண்டையார்பேட்டையாக மருவியதாகவும் நம் பகுதியில் எல்லோரும் சொல்வார்கள். நாமும் சிறு வயதிலிருந்து அதைக் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிறோம். ஆனால் 1693-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையையும் மானியமாகப் பெற்றார்கள் என்பது சென்னைச் சரித்திரத்தில் பதிவான செய்தி. மஸ்தான் சாகிபு அவர்கள் பிறப்பதற்குச் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயர் இருந்திருக்கிறது! அப்படியிருக்க ஊருக்குப் பெயர் அவர்களால் வந்திருக்க முடியாது.

இதைச் சொன்னால் சிலர் வருந்தலாம். வருந்த வேண்டியதில்லை. உலகப் பற்றைத் துறந்து தம் பாடல்களில் இறைவனை அழைத்த ஒரு பெரியாருக்கு, ஒரு பேட்டையின் பெயரா பெருமை? அன்பின் மிகுதியால் மக்கள் கட்டிய கதை அது. அந்த அன்பை மதிப்போம். கதையைக் கதை என்றே சொல்வோம். இறைநேசர்களுக்கு நம்முடைய பொய் தேவைப்படுவதில்லை. நம் பாட்டன் பூட்டன்களுக்கும் அது தேவைப்படுவதில்லை.

பெரியவர்கள் எழுதியதை நாம் திருத்தலாமா என்று தயங்குபவர்களும் உண்டு. மார்க்க அறிவின் சரித்திரத்தைப் பார்க்கட்டும். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஹதீஸ் அறிவிப்பாளர்களின் பெயர்களையும் விவரங்களையும் திரட்டி ‘அத்தாரீகுல் கபீர்’ என்ற பெருநூலைச் செய்தார்கள். அதில் நேர்ந்த தவறுகளை எடுத்துக்காட்டவென்றே ஹிஜ்ரி 327-ல் மறைந்த இப்னு அபீ ஹாத்திம் (ரஹ்) அவர்கள் தனியாக ஒரு நூல் தொகுத்தார்கள். ஹிஜ்ரி 463-ல் மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்களோ, ஒருவரை இருவராகவும் இருவரை ஒருவராகவும் முன்னோர் எண்ணிவிட்ட இடங்களைத் தெளிவுபடுத்தியே ஒரு நூல் எழுதினார்கள். இதனால் இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் மதிப்பு இம்மியளவும் குறையவில்லை. திருத்தியவர்களும் அவர்களை ஏசவில்லை. ஒரு பெயர் பிழையானால் ஒரு ஹதீஸின் சங்கிலியே அறுந்துவிடும் என்று அஞ்சி, அமானிதத்தைக் காத்தார்கள். அந்த மரபில் வந்த நமக்கு, திருத்துவதும் திருத்தப்படுவதும் அவமானமா?

ஆனால் திருத்துவதற்கும் ஒழுங்கு உண்டு.

நம்முடைய மய்யித்தைப் பற்றி மட்டுமே நாம் துணிந்து பேசலாம். பிறர் குடும்பத்தின் பதிவில் நுழைந்து, ‘இவர் அந்த வம்சமே அன்று’ என்று எழுதும் துணிச்சல் நமக்கு வேண்டாம். பிறருடைய வம்சத்தைக் குத்திப் பேசுவது அறியாமைக் காலத்துப் பழக்கம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பொய் வம்சம் கூறுவதும் குற்றம்; பிறர் வம்சத்தைப் பழிப்பதும் குற்றம். பிழை என்று நமக்குத் தோன்றினால், வாரிசுகளிடம் தனியே, மரியாதையாகச் சொல்லி, ஆதாரத்தைக் காட்டி, முடிவை அவர்களிடம் விடுவதே முறை.

திருத்துமுன் ஆதாரம் தேட வேண்டும். ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், இறப்புச் சான்றிதழ், பழைய பத்திரம், வேலை பார்த்த இடத்துப் புத்தகம், குர்ஆன் பிரதியின் உட்பக்கத்தில் தகப்பனார் எழுதி வைத்த குறிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டிலுள்ள முதியவர்களின் வாய்மொழி. அவற்றுள்ளும் எது நேரில் கண்டது, எது கேள்விப்பட்டது என்று பிரித்துக் குறிக்க வேண்டும். சர்க்கார் பதிவும் மனிதர் சொல்லக் கேட்டு மனிதர் எழுதியதுதான். வளர்த்தவரைத் தந்தை என்று வீட்டார் சொன்னால் குமாஸ்தா அதைத்தானே எழுதுவார்?

எழுதியதை அடையாளமில்லாமல் அழித்துவிடாமல் திருத்துவது இன்னும் மேலானது. நம் நாட்டின் 1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-வது பிரிவு இதில் ஒரு நல்ல முறையை வைத்திருக்கிறது. பிழை நிரூபிக்கப்பட்டால் பதிவாளர் மூலப் பதிவை மாற்றாமல், ஓரத்தில் திருத்தத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தேதி குறிக்க வேண்டும். முதலில் என்ன எழுதப்பட்டது, யார், எப்போது திருத்தினார் என்பது பின்வருபவருக்குத் தெரியும். நாளை நம் திருத்தமே தவறென்று தெரிந்தால் அதையும் சரிசெய்ய வழி இருக்கும். வீட்டுக் குறிப்பேட்டிலும் இணையப் பதிவிலும் நாம் இதே முறையைப் பின்பற்றலாம்.

இடத்தை வெறுமையாக விடுவதில் குற்றமில்லை என்று சொன்னோம். ஆனால் தேடிப் பார்த்த பின் விடும் வெறுமை வேறு. தேடாமலே விட்டுவிடும் வெறுமை வேறு. உலகப் போர்களில் மாண்டவர்களின் கப்ருகளையும் பெயர்களையும் பாதுகாக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் மாண்டவர்களில், கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும் மிகுதியாக உள்ள குறைந்தது 1,16,000 பேரின், ஒருவேளை 3,50,000 பேர் வரையிலும், பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை அல்லது எவ்வித நினைவும் வைக்கப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அவர்களுக்குப் பெயர் இல்லாமலில்லை. எழுத வேண்டியவர்கள் மதித்து எழுதவில்லை. இன்று விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். உறவினர் ஆதாரம் காட்டினால் பிழைகளைத் திருத்துகிறார்கள். நம் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைக்காமல் அலட்சியமாக இருந்துவிட்டு, பிறகு தெரியாது என்று வெற்றிடம் விடுவது அந்த முதல் வகை நேர்மை ஆகாது.

இவ்வளவு பேசிய பின், இதன் எல்லையையும் நினைவூட்டுவது நம் கடமை. உறவினரைச் சேர்ந்து நடக்க உதவும் அளவுக்கு வம்சத்தைக் கற்றுக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். யாருக்கு யார் மஹ்ரம், யார் யாருக்கு வாரிசு என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. வளர்ப்புத் தந்தையைப் பெற்ற தந்தை என்று எழுதிவிட்டால், அந்நியர் மஹ்ரமாகிவிடுவார், உரிமையில்லாதவர் வாரிசாகிவிடுவார். இதற்காகத்தான் திருத்தம். பெருமையடிப்பதற்காக அன்று. எண்ணிக்கைப் பெருமை மக்களை மண்ணறைகளைச் சந்திக்கும் வரை பராக்காக்கிவிட்டது என்று அத்தகாஸுர் அத்தியாயம் எச்சரிப்பதை மறக்கலாகாது. அமல் பின்தங்கவைத்த ஒருவனை அவன் வம்சம் முன்னேற்றிவிடாது என்பதும் நபிமொழியே.

கப்ரின் மேல் கட்டுவதும் எழுதுவதும் ஹதீஸில் தடுக்கப்பட்டிருப்பதையும், அடையாளத்துக்காக எழுதுவது பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருப்பதையும் நம் வாசகர்கள் அறிவார்கள். உதுமான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களின் கப்ருக்கு அடையாளமாக நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு கல்லை வைத்தார்கள். தம் குடும்பத்தாரை அருகில் அடக்க வேண்டும் என்பதற்காக. அடையாளம் அந்த அளவோடு நின்றது. ஏட்டிலோ இணையத்திலோ எழுதும் பதிவும் அந்த அளவோடு நிற்கட்டும். பதிவில் பெயர் இல்லாததால் எந்த மய்யித்துக்கும் துஆ போய்ச் சேராமல் இருக்கப் போவதில்லை. பெயர் பிழையானதால் மலக்குகள் ஆள் மாறிப் போகப் போவதும் இல்லை. பதிவு மௌத்தானவர்களுக்காக அன்று, உயிரோடிருக்கும் நமக்காக. அதில் பொய் இருந்தால் நஷ்டம் நமக்கே.

நம் வீட்டில் முடிவாக என்ன செய்தோம்? மருமகனிடம் அந்த வசனத்தின் கடைசிப் பகுதியைச் சொன்னோம். தெரியாமல் எழுதிய நாள் வரை அவர் மீது குற்றமில்லை. தெரிந்த நாளிலிருந்து பொறுப்பு தொடங்குகிறது. அவர் ஏழு தலைமுறையையும் தாமே நீக்கினார். தந்தையின் பெயருக்குரிய இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது. கீழே குறிப்பில், ‘இன்னார் எடுத்து வளர்த்தார், இது மகளின் வாய்மொழி, முன்பிருந்த பதிவு இன்ன தேதியில் திருத்தப்பட்டது’ என்று இருக்கிறது. இதை வெளியில் சொல்லவும் எழுதவும் பெரியம்மாவிடம் அனுமதி பெற்றோம். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவர்களே நேரில் போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் எழுதியது மாறப் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்கள்.

திரும்பி வந்ததும் நம்மிடம் ஒன்று கேட்டார்கள்: “அவரோட கபுரு எங்க இருக்குன்னு தேடிப் பாருங்களேன். எங்க வாப்பாவைத் தூக்கிட்டு வந்தாரே, அவரோடது. அவருக்கு யாரும் இதுவரைக்கும் பேரு எழுதலியே!”

ஏழு தலைமுறை ஏறத் தெரிந்த நமக்கு, அந்த ஒரு மனிதரின் கப்ரைத் தேடத் தோன்றவில்லை. இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

வல்ல அல்லாஹ் அறிந்ததை மறைக்காமலும் அறியாததை இட்டுக்கட்டாமலும் இருக்க நமக்கு அருள்வானாக! பெயர் தெரிந்தவர்களும் பெயர் தெரியாதவர்களுமாக நமக்கு முன் சென்றுவிட்ட முஃமின்கள் யாவரின் கப்ருகளையும் ஒளியாலும் விசாலத்தாலும் நிரப்புவானாக! ஆமீன்.